நத்தமேடு அகழாய்வு: நான்கு 5 மீட்டர் குழிகளா, ஒரே பரந்த திறப்பா?

ஏரிக்கரை:

வணக்கம். கொள்ளிடத்துக்கு வடக்கே, அரியலூர்ப் பக்கம் ஒரு நத்தமேட்டில் (பழைய ஊர் இருந்த மேட்டில்) தை கழிந்ததும் அகழாய்வு தொடங்குகிறோம். உரிமம் வந்துவிட்டது. ஊர்ப் பெயரை இங்கே எழுதவில்லை. காசு தேடி இரவில் தோண்டுகிறவர்களுக்கு வழி சொன்னதாகிவிடும்.

மேடு சுமார் 2 ஏக்கர். சுற்றியுள்ள வயலைவிட அதிகபட்சம் 1.3 மீட்டர் உயரம். மேற்பரப்பில் முரட்டுச் சிவப்புப் பானை ஓடு, கூரை ஓடு, உடைந்த செங்கல் நிறையக் கிடக்கின்றன. ஒரு துண்டு பச்சைச் சீனப் பீங்கான் கிடைத்தது. வடகிழக்கு மூலையில் மட்டும் இரும்புக் கசடு அதிகம். சங்க காலத்தையும் அதற்கு முன்னையும் காட்டும் கருப்பு-சிவப்பு ஓடு ஒன்றுகூட இல்லை. ஆக, சோழர் காலத்தை ஒட்டிய குடியிருப்பு என்று எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கையில் இருப்பது 6 வாரம், 12 வேலையாட்கள், 4 மாணவர்கள். வழக்கம்போல நான்கு 5×5 மீட்டர் குழி போட்டு, மனிதக் கை படாத கன்னிமண் வரை இறங்குவது என்று திட்டம். எனக்கு உறுத்துவது இதுதான்: பல அறிக்கைகளில் மேல் 70 சென்டிமீட்டரை ‘கலைந்த மண்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எங்கள் ஊர் முழுக்க அந்த 70 சென்டிமீட்டருக்குள்தான் இருக்கிறது.

1. இதற்கு எந்த முறையில் குழி போடுவது?
2. மண் சுவரையும் சாணம் மெழுகிய தரையையும் எப்படிக் கண்டுபிடிப்பது?
3. காலக்கணிப்புக்கு எதை நம்பலாம்?
4. கசடு கிடக்கும் மூலையைக் ‘கம்மாணச்சேரி’ (கம்மாளர் குடியிருப்பு) என்று எழுதலாமா?

---

கன்னிமண்:

முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். மற்றதற்கு என்னைவிடத் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

5×5 குழி என்பது ‘இங்கே எத்தனை காலகட்டம், எது முன், எது பின்’ என்று கேட்பதற்கான கருவி. உங்கள் கேள்வி அது இல்லை. வீடு எங்கே, தெரு எங்கே, தொழுவம் எங்கே என்பதுதான் உங்கள் கேள்வி. அதற்கு அகலம் வேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு குழியிலும் அரை மீட்டர் தடுப்பு (வெட்டாமல் விடும் மண் சுவர்) விட்டால் வெட்டுவது 4.5×4.5, அதாவது 20.25 சதுர மீட்டர். 25-இல் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு தடுப்புக்கே போய்விடுகிறது. 8 மீட்டர் நீளமுள்ள ஒரு சாதாரண வீடு அதற்குள் அடங்காது. ஒரு மூலை தெரியும், மிச்சம் தடுப்புக்குள் மறைந்துவிடும். நான்கு குழியையும் 1.5 மீட்டர் ஆழம் எடுத்தால் அள்ளும் மண் 121 கன மீட்டர். அதே வேலையாட்களை வைத்து ஒரே இடத்தில் 15×15 மீட்டர் திறந்து 50 சென்டிமீட்டர் மட்டும் இறங்கினால் 112 கன மீட்டர். மண் ஏறக்குறைய அதே அளவு. கையில் கிடைப்பது நான்கு மூலைகள் அல்ல, 225 சதுர மீட்டர் ஊர்.

முதலில் மேட்டின் ஓரத்தில் ஒரு 2×2 சோதனைக் குழியைக் கன்னிமண் வரை இறக்குங்கள். அதுதான் உங்களுக்கு அகராதி. எத்தனை அடுக்கு, ஒவ்வொன்றும் எவ்வளவு கனம், நிறம் என்ன என்று அங்கே படித்துக்கொண்டுதான் பரந்த திறப்பில் கை வைக்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: கொள்ளிடக் கரையில் வெள்ளம் விட்டுச்சென்ற வண்டல், மஞ்சளாக, ஓடு எதுவும் இல்லாமல், அப்படியே கன்னிமண் போலத் தோன்றும். அதற்குக் கீழே பழைய தரை இருக்கலாம். கன்னிமண் என்று தோன்றிய பிறகும் ஒரு மூலையில் 40 சென்டிமீட்டராவது இறக்கிப் பாருங்கள். 1.2 மீட்டரைத் தாண்டினால் குழிச்சுவரைப் படி வெட்டியோ பலகை கொடுத்தோதான் ஆளை உள்ளே இறக்க வேண்டும். வண்டல் மண் சொல்லிக்கொண்டு சரியாது.

திறப்பை எங்கே போடுவது என்பதை மேற்பரப்பு முடிவு செய்யட்டும். மேடு முழுக்க 5 மீட்டர் கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஒரு பையில் ஓட்டையும் செங்கல்லையும் கசடையும் பொறுக்கி, தனித்தனியாக எடை போட்டு வரைபடத்தில் ஏற்றுங்கள். 10 சென்டிமீட்டர் இடைவெளியில் உயரக்கோடு எடுங்கள். கூரை ஓடு திரண்டு கிடக்கும் இடமும் மேடு லேசாகத் தட்டையாகும் இடமும் ஒன்று சேர்ந்தால் அங்கே திறங்கள். மண்ணுக்குள் இருப்பதன் காந்தத்தை மேலிருந்தே அளக்கும் காந்தமானி கிடைத்தால் நல்லது. ஆனால் கசடு கிடக்கும் மூலையில் அது எதையும் பிரித்துக் காட்டாது, எல்லாமே உரக்கக் கத்தும். சுடாத மண் சுவரும் அதில் லேசில் தெரியாது.

மேல் உழவு மண் 15 முதல் 20 சென்டிமீட்டர் இருக்கும். அதுவரை மண்வெட்டி. அதற்குப் பிறகு கடப்பாரையும் பிக்காசும் களத்துக்குள் வரவே கூடாது, களைக்கொத்தும் கரணையும்தான். எல்லோரும் ஒரே வரிசையில், ஒரே திசையில், பின்னோக்கி நகர்ந்தபடி சுரண்ட வேண்டும். சுரண்டிய இடத்தில் கால் படக் கூடாது. அப்படி மிதித்த தடமே தரை என்று வரைபடத்தில் ஏறிவிடுவது உண்டு.

---

தூக்குக்குண்டு:

கன்னிமண் சொல்வதில் பெரும்பகுதி சரி. ஒன்றில் மட்டும் மாறுபடுகிறேன். தடுப்பே இல்லாமல் 15×15 திறந்தால், புதிய மாணவர்கள் அடுக்கைத் தவறவிட்டுக் கீழே போய்விட்டார்கள் என்பது யாருக்கும் தெரியாமலே போகும். தடுப்பு இருந்தால் குழிச்சுவர் காட்டிக்கொடுக்கும்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. திறப்பின் நடுவில் கூட்டல் குறி போல இரண்டு தடுப்பு, 40 சென்டிமீட்டர் அகலத்தில், தற்காலிகமாக விடுங்கள். ஒவ்வொரு தரையை எட்டியதும் தடுப்பின் முகத்தை 1:10 அளவில் வரைந்து, படம் எடுத்து, தடுப்பையும் அதே தரை வரை இறக்கிவிடுங்கள். அடுத்த அடுக்குக்கு அதே கோட்டில் மறுபடி தடுப்பு. 6 வார முடிவில் வரைந்த துண்டுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டினால் முழு வெட்டுமுகம் கிடைத்துவிடும். களத்தில் எந்தச் சுவரும் மறைந்திருக்காது.

ஆழத்தை வைத்து ‘20–40 செ.மீ.’ என்று பை கட்டும் பழக்கத்தையும் இந்த ஒரு தளத்திலாவது விட்டுவிடுங்கள். மேடு சரிவானது. ஒரே தரை, ஒரு முனையில் 25 சென்டிமீட்டர் ஆழத்திலும் மறுமுனையில் 45 சென்டிமீட்டரிலும் இருக்கும். ஒவ்வொரு குழிக்கும், குழியை நிரப்பிய மண்ணுக்கும், தரைக்கும், சுவருக்கும் தனித்தனி அலகு எண் கொடுங்கள். எது எதை வெட்டுகிறது, எது எதன் மேல் படுத்திருக்கிறது என்று ஒவ்வொரு மாலையும் ஹாரிஸ் அட்டவணையில் (அலகுகளின் முன்பின் வரிசையைக் காட்டும் படத்தில்) ஏற்றுங்கள். மாலையே ஏற்ற வேண்டும். வார முடிவில் உட்கார்ந்து நினைவிலிருந்து போட்ட அட்டவணையால் பயனில்லை.

---

திண்ணை:

இரண்டாவது கேள்வி எனக்கு மிகவும் பிடித்தமானது. நம் அறிக்கைகளில் மிக மோசமாகக் கையாளப்படுவதும் இதுதான்.

சாணத்தரை எப்படி இருக்கும் என்று முதலில் கண்ணில் பதித்துக்கொள்ளுங்கள். அடியில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் களிமண், கெட்டியாக, ஓரளவு மஞ்சளாக. அதன் மேல் சாம்பல் நிறத்தில் மிக மெல்லிய படலங்கள், ஒன்றின்மேல் ஒன்றாக. உடைந்த விளிம்பைக் கரணை முனையால் நெம்பினால் வெங்காயத் தோல் போல இதழ் இதழாகப் பிரியும். ஒவ்வொரு படலமும் ஒரு முறை மெழுகியது. இது வெயிலில் ஒரு மணி நேரம் காய்ந்தாலே எல்லாம் ஒரே வெளிர் நிறமாகிவிடும், பிறகு யார் பார்த்தாலும் தெரியாது. ஆகவே பந்தலோ பச்சை வலையோ கட்டாயம். பூச்சிமருந்து அடிக்கும் கைத்தெளிப்பான் புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். புகைபோல நீர் தெளித்து, இரண்டு நிமிடம் பொறுத்து, ஈரம் உறிஞ்சியதும் பாருங்கள். களிமண் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும், மணல் கலந்த மண் சீக்கிரம் வெளுக்கும். சுவரின் கோடு அந்த ஐந்து நிமிடத்தில்தான் தெரியும். நிறம் குறிப்பதும் அந்த ஈரத்தில்தான். படம் எடுப்பது காலை 8 மணிக்குள்.

அடிக்கடி நேரும் தவறு: இடிந்து கரைந்த மண் சுவரைத் தரை என்று எழுதுவது. இரண்டும் கெட்டிக் களிமண்தான். பிரித்தறிய, ஓடுகள் எப்படிக் கிடக்கின்றன என்று பாருங்கள். தரையின் மேல் கிடக்கும் ஓடு தட்டையாகப் படுத்திருக்கும், மிதிபட்டுச் சிறிதாக நொறுங்கியிருக்கும். சுவர் இடிபாட்டில் ஓடுகள் செங்குத்தாக, சாய்வாக, எல்லாத் திசையிலும் நிற்கும். சுவருக்குக் குழைத்த மண்ணோடு வந்தவை அவை. தரை சுவரைத் தொடும் இடத்தில் கிண்ணத்தின் விளிம்பு போல லேசாக மேலே வளைந்திருக்கும், சாணம் மெழுகுகிற கை சுவரடியில் ஏறி இறங்கிய வளைவு அது. அந்த வளைவு கிடைத்தால் சுவரே கரைந்து போயிருந்தாலும் அறையின் எல்லை கிடைத்துவிட்டது.

வீட்டுக்கு வெளிப்பக்கம் இன்னொரு தடயம் தேடுங்கள். இறவாரத்திலிருந்து மழைநீர் சொட்டிய இடத்தில் நேர்கோட்டில் மெல்லிய பள்ளம் விழுந்திருக்கும். நயமான மண் அடித்துச் செல்லப்பட்டு, சிறு கல்லும் ஓட்டுப் பொடியும் மட்டும் மிஞ்சியிருக்கும். ஒரு விரல் ஆழம்கூட இருக்காது. ஆனால் கூரை எதுவரை நீண்டது என்று சொல்லும் ஒரே சாட்சி அதுதான்.

கம்பக்குழிகளைப் பற்றி. மேலிருந்து பார்த்தால் வட்டக் கறை. உடனே முழுவதும் தோண்டாதீர்கள். நடுவில் நூல் கட்டி ஒரு பாதியை மட்டும் எடுத்து, வெட்டுமுகத்தை வரைந்து, படம் எடுத்து, பிறகு மறுபாதி. நல்ல கம்பக்குழியில் இரண்டு மண் தெரியும்: நடுவே மரம் மக்கிய பொலபொலப்பான கருமண், சுற்றிலும் குத்தி இறுக்கிய அணைப்பு மண், அதில் ஓட்டுத் துண்டோ செங்கல் துண்டோ செருகியிருப்பார்கள். எலி வளையும் வட்டமாகத்தான் இருக்கும், ஆனால் பாதிக்குக் கீழே பக்கவாட்டில் திரும்பிவிடும், அணைப்பும் இருக்காது. கருவேல வேர் போன குழி கிளை கிளையாகப் பிரியும், அடியில் கூர்ந்து முடியும். 20 கறைகளில் எட்டு மட்டும் கம்பக்குழி என்று வந்தால் அந்த எட்டை மட்டும் வரைபடத்தில் ஏற்றுங்கள். வீட்டின் வடிவம் தெரிய வேண்டும் என்ற ஆசையில் எலி வளையைத் தூணாக்கிவிடக் கூடாது.

---

பாழூர்:

திண்ணை எழுதியதோடு சேர்த்துப் படிக்க வேண்டியது இங்கிலாந்தில் யார்க்‌ஷரில் உள்ள ‘வாரம் பெர்சி’ என்ற ஊர். கைவிடப்பட்ட இடைக்காலக் கிராமங்களில் உலகிலேயே அதிக காலம் தோண்டப்பட்ட இடங்களில் ஒன்று அது. 1950-இல் மாரிஸ் பெரெஸ்ஃபோர்ட் தொடங்கினார், சில ஆண்டுகளில் ஜான் ஹர்ஸ்ட் சேர்ந்துகொண்டார், 1990 வரை ஒவ்வொரு கோடையிலும் சில வாரங்கள் தோண்டினார்கள்.

தொடக்கத்தில் அவர்களும் சுவரைத் தேடி ஒட்டியொட்டித் தோண்டியவர்கள்தான். உழவர் வீடு அப்படிச் சிக்கவில்லை. அதன்பின் டென்மார்க்கில் ஆக்செல் ஸ்டீன்ஸ்பெர்க் கையாண்ட பரந்த திறப்பு முறைக்கு மாறினார்கள். புல்லுக்குச் சற்றுக் கீழேயே வீடுகள், அடுக்கு மிக மெல்லியது. அதனால் ஒவ்வொரு பொருளும் கிடந்த இடத்தை அளந்து குறித்தார்கள். உங்கள் 70 சென்டிமீட்டருக்கு நேரான உதாரணம் இது.

அங்கிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் முறையைவிட, அவர்கள் செய்து திருத்திய ஒரு பிழை. ஒரே மனையில் சுவர்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் திரும்பத் திரும்பக் கட்டப்பட்டிருப்பதைப் பார்த்து, உழவர் வீடுகள் பலவீனமானவை, ஒரு தலைமுறைக்குள் விழுந்துவிடும், மறுபடி கட்டுவார்கள் என்று எழுதினார்கள். பல ஆண்டுகள் அதுவே பாடம். 1980-களில் ஸ்டூவர்ட் ராத்மெல் அதே வரைபடங்களை மறுபடி படித்து வேறொன்றைச் சொன்னார்: கூரையைத் தாங்கியது சுவர் அல்ல, வளைமரச் சட்டங்கள், அவை உறுதியானவை. அடிக்கடி மாறியது சட்டத்துக்கு இடையே அடைப்பாக நின்ற சுவர் மட்டுமே. வீடு நின்றுகொண்டே இருந்தது.

நம் ஊர் மண்வீட்டுக்கும் இதே கேள்வியைக் கேளுங்கள். கம்பங்கள் கூரையைத் தாங்கினவா, சுவரே தாங்கியதா? மழைக்காலம் முடிந்தால் சுவரடி அரித்துப்போய் மண் அப்புவது எந்த மண்வீட்டிலும் நடப்பது. அதன் மூன்று படலத்தை எண்ணி ‘மூன்று கட்டுமானக் காலங்கள்’ என்று எழுதிவிடாதீர்கள். கம்பக்குழி மாறாமல் இருக்கச் சுவர்க்கோடு மட்டும் நகர்ந்திருந்தால் அது பழுதுபார்ப்பு. கம்பக்குழியைப் புதுக் கம்பக்குழி வெட்டியிருந்தால்தான் புது வீடு. இரண்டையும் அலகு எண்ணில் பிரித்து வைத்தால், நீங்கள் தவறாகப் படித்தாலும் 30 ஆண்டு கழித்து ஒருவர் சரியாகப் படிக்க முடியும். அங்கே நடந்தது அதுதான்.

---

வட்டெழுத்து:

நான்காவது கேள்விக்கு வருகிறேன்.

‘கம்மாணச்சேரி’ என்ற சொல் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் காலக் கல்வெட்டு, கோயிலுக்கு விட்ட ஊர்களின் நிலத்தைக் கணக்கிடும்போது, வரி இல்லாத பகுதிகளை முதலில் கழிக்கிறது. ஊர்நத்தம், ஸ்ரீகோயில்கள், குளங்கள், ஊரை ஊடறுத்துப் போன வாய்க்கால்கள், பறைச்சேரி, கம்மாணச்சேரி, சுடுகாடு என்று ஊருக்கு ஊர் அந்தப் பட்டியல் வருகிறது. ஒரு கிராமத்தின் உடற்கூறு போன்ற ஆவணம். ஆனால் அது நிலத்தின் வகையைத்தான் சொல்கிறது, திசையைச் சொல்லவில்லை. எல்லா ஊரிலும் எல்லாச் சேரியும் வருவதில்லை. ஆகவே ‘வடகிழக்கில் கசடு, ஆகவே கம்மாணச்சேரி’ என்று தாவ முடியாது.

கசடு நகரும் பொருள். பாதை மேடாக்க, சேற்றை நிரப்ப அள்ளிக் கொட்டுவார்கள். பட்டறை அங்கேயே இருந்ததா என்று காட்டுவது கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது: பழுத்த இரும்பை அடிக்கும்போது தெறிக்கும் செதில். கருநீலமாக, மீன் செதில் போல, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இருக்கும். கூடவே கடுகு போன்ற சிறு உருண்டைகளும் கிடைக்கும். அதை யாரும் கூடையில் அள்ளி வேறிடம் கொண்டுபோவதில்லை. விழுந்த தரையிலேயே மிதிபட்டுக் கிடக்கும். அந்தத் தரையை 50 சென்டிமீட்டர் கட்டமாகப் பிரித்து, கட்டத்துக்கு அரை லிட்டர் மண் எடுத்து, காயவைத்து, காந்தத்தைப் பாலித்தீன் பைக்குள் வைத்து மண்ணில் உலாவ விடுங்கள். ஒட்டுவதை எடை போட்டு வரைபடத்தில் ஏற்றினால் உலைக்கும் பட்டடைக்கும் இடையே குவியும். இயற்கைக் கருமணலும் காந்தத்தில் ஒட்டும், ஆகவே லென்ஸ் வைத்துச் செதிலையும் மணலையும் பிரிக்க வேண்டும். ஒப்பிட, மேட்டின் மறுமுனையிலிருந்தும் நான்கைந்து கட்டம் எடுங்கள்.

கசடிலேயே இரண்டு வேலை இருக்கிறது. கயிறு போல வழிந்து உறைந்திருந்தால் இரும்பை உருக்கிப் பிரித்த உலை. கிண்ணத்தின் அடி போல ஒருபக்கம் குழிந்து மறுபக்கம் குவிந்திருந்தால் பெரும்பாலும் கொல்லன் பட்டறை. துருத்தியின் சுடுமண் மூக்கு கிடைத்தால் எறிந்துவிடாதீர்கள், நிறையப் பேர் அதைக் குழாய் ஓடு என்று கணக்கில் எழுதிவிடுகிறார்கள்.

செங்கல், சாந்து பற்றி ஒரு வார்த்தை. சோழர் செப்பேடுகளில் பிரமதேயத்தாருக்கு (பிராமணருக்குத் தானமாக விட்ட ஊராருக்கு) சுட்ட செங்கல்லால் மாடமாளிகை எடுக்கும் உரிமை தனியாகக் கொடுக்கப்படுகிறது. கொங்கு நாட்டில் கம்மாளருக்குத் தம் வீட்டுக்குச் சாந்து பூசிக்கொள்ளும் உரிமையை, இரட்டைச் சங்கு ஊதுவதோடும் வெளியே போகும்போது செருப்பு அணிவதோடும் சேர்த்து, அரச ஆணையாகக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது என்றால், எழுதித் தரப்படாதவர்கள் பலர் இருந்தார்கள் என்று பொருள். ஆகவே செங்கல்லும் சுண்ணச்சாந்தும் இல்லாத வீட்டை ‘ஏழை வீடு’ என்று மட்டும் எழுதுவது போதாது. வசதி இருந்தும் அனுமதி இல்லாத வீடாக இருக்கலாம். அந்த வீட்டுக்குள் கண்ணாடி வளையல், நல்ல பீங்கான், இரும்புக் கருவி எவ்வளவு கிடைக்கிறது என்று எண்ணி ஒப்பிட்டால்தான் இதைப் பேச முடியும். எனக்கு இந்த அகழாய்வில் எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது இதுதான். மேட்டின் நடுவில் செங்கல் கிடைக்கிற இடத்தை மட்டும் திறந்துவிட்டு வந்துவிடாதீர்கள். விளிம்பிலும் ஒரு 5×5-ஆவது வேண்டும்.

---

சல்லடை:

காலக்கணிப்பு. ஒவ்வொன்றாக எது எவ்வளவு தாங்கும் என்று சொல்கிறேன்.

காசு: ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் அமர்ந்த உருவம் உள்ள ராஜராஜன் வகைச் செப்புக்காசு கிடைத்தால் மகிழ்ச்சிதான். ஆனால் அது 985-க்கு முந்திய அடுக்கு இல்லை என்று மட்டும்தான் சொல்லும். அந்த வகைக் காசு நெடுங்காலம் புழங்கியது, இலங்கையிலும் அதைப் பார்த்து அடித்தார்கள்.

பீங்கான்: பச்சைப் பூச்சு சீனாவின் லாங்சுவான் சூளை வகையாக இருந்தால் பெரும்பாலும் 12 முதல் 14-ஆம் நூற்றாண்டு. வெள்ளையில் நீலச் சித்திரம் போட்ட துண்டு வந்தால் 14-ஆம் நூற்றாண்டுக்கு முன் போக முடியாது. பெரியபட்டினம் போன்ற துறைமுகங்களில் குவியலாகக் கிடைப்பது உள்நாட்டுக் கிராமத்தில் ஒன்றிரண்டுதான் கிடைக்கும். விலையுயர்ந்த கிண்ணத்தைத் தலைமுறைகள் வைத்திருந்திருப்பார்கள் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

சிவப்புப் பானை ஓடு: மெதுவாக மாறுவது. தனியாக ஒரு ஓட்டை வைத்து நூற்றாண்டு சொல்கிறவரை நம்பாதீர்கள். அலகு வாரியாக எண்ணி, எடை போட்டு, விளிம்புகளை மட்டும் தனியே வரைந்தால் சோதனைக் குழியின் வரிசையோடு பொருத்திப் பார்க்கலாம். கூரை ஓடு டன் கணக்கில் வரும். எல்லாவற்றையும் கொட்டகையில் அடுக்க முடியாது. அலகுக்கு மொத்த எடை குறித்து, முழு நீளம், அகலம், கனம் அளக்கக்கூடியவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, மீதியைத் திரும்பப் புதைத்து, எங்கே புதைத்தீர்கள் என்று எழுதுங்கள்.

கார்பன் காலக்கணிப்பு: தூண் கரியை அனுப்பாதீர்கள். மரத்தின் நடுவயிரம் வெட்டுவதற்குப் பல பத்தாண்டு முன்பே வளர்வதை நிறுத்தியிருக்கும், பழைய வீட்டு மரத்தைப் புது வீட்டுக்கு எடுத்துப் போடுவதும் வழக்கம். ஒரே பருவத்தில் விளைந்த நெல், வரகு, சாமை போன்ற கரிந்த தானியத்தை அனுப்புங்கள், அதுவும் அடுப்படி, தரை போன்ற மூடிய அலகிலிருந்து. அப்போதும் விடை நூறு ஆண்டு அகலத்தில் வரக்கூடும். ஒரு மாதிரியை மட்டும் நம்பாமல், அடுக்கு வரிசை தெரிந்த நான்கைந்து அனுப்பினால் சேர்த்துக் குறுக்கலாம்.

தானியம் வேண்டுமென்றால் மண்ணை நீரில் மிதக்கவிட்டுப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு தரை, அடுப்பு, குழி அலகிலிருந்தும் 20 லிட்டர். 200 லிட்டர் டிரம், உள்ளே 1 மில்லிமீட்டர் வலை, வழியும் நீரைப் பிடிக்க 0.3 மில்லிமீட்டர் சல்லடை. மிதந்ததை நிழலில்தான் உலர்த்த வேண்டும். வெயிலில் வைத்தால் கரி வெடித்து உமியாகிவிடும். களிமண் கரையவில்லை என்று கையால் பிசையாதீர்கள், இரவு முழுக்க ஊறவிடுங்கள்.

இங்கே ஒரு நல்ல சோதனை இருக்கிறது. மிளகாய், நிலக்கடலை, மக்காச்சோளம், புகையிலை எல்லாம் அமெரிக்காவிலிருந்து போர்த்துக்கீசியர் வந்த பிறகு இங்கே வந்தவை. சோழர் காலத் தரை என்று நீங்கள் குறித்த அலகில் கரிந்த மிளகாய் விதையோ புகை பிடிக்கும் சுடுமண் சுங்கான் துண்டோ வந்தால் அந்த அலகு பிற்காலத்தில் கலைந்திருக்கிறது, அல்லது நீங்கள் ஒரு குழியைத் தவறவிட்டிருக்கிறீர்கள். கரியாகாத விதை எதுவானாலும் நேற்று எறும்பு கொண்டுபோனது. நம் மண்ணில் கரியாகாத விதை எண்ணூறு ஆண்டு தாங்காது.

சாதாரண மண்ணுக்கு 5 மில்லிமீட்டர் சல்லடை போதும். தரை மேல் மண்ணுக்கு மட்டும் 2 மில்லிமீட்டர். கண்ணாடி மணி 5-இல் நழுவிவிடும்.

---

ஏரிக்கரை:

எல்லோருக்கும் நன்றி. 121-க்கு 112 என்ற கணக்கை அப்படியே திட்டக் குறிப்பில் வைக்கப் போகிறேன், குழுத் தலைவரிடம் பேச அது போதும். திட்டம் இப்போது: ஒரு 2×2 சோதனைக் குழி, நடுவில் 15×10 திறப்பு, கூட்டல் குறித் தடுப்போடு; விளிம்பில் ஒரு 5×5, கசடு மூலையில் ஒரு 5×5.

இன்னும் இரண்டு. சோதனைக் குழிக்கு அருகே ஒரு நீளமான பள்ளத்தின் தடம் மேற்பரப்பிலேயே தெரிகிறது, உள்ளே செங்கல் பொடியும் சுண்ணாம்பும். வாய்க்காலா? மற்றொன்று, ஊரார் மேட்டு மண்ணை எருவுக்காக வண்டி வண்டியாக வயலுக்கு அடித்திருக்கிறார்கள். எவ்வளவு போயிருக்கும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

---

கன்னிமண்:

வாய்க்காலாக இருந்தால் அடியில் நீர் படிய வைத்த மணல் வரி வரியாக இருக்கும். வரி இல்லாமல் உடைந்த செங்கல், சாந்துப் பொடி, தளர்ந்த மண் கலந்து கிடந்தால், அது செங்கல் சுவரின் அடித்தளத்தைப் பிற்காலத்தார் பிடுங்கிக்கொண்டு போன பள்ளம். சுவர் போய்விட்டது, ஆனால் அதன் அகலமும் போக்கும் பள்ளத்தில் அப்படியே இருக்கிறது. அதைச் சுவரைப் போலவே மதித்து வரையுங்கள். நிரப்பிய மண்ணில் கிடைக்கும் ஓடு சுவரின் காலத்தைச் சொல்லாது, பிடுங்கிய காலத்தைச் சொல்லும். இந்த இரண்டையும் குழப்பினால் வீட்டுக்கு முந்நூறு வயது குறைந்துவிடும்.

மண் அள்ளியதற்கு: மேட்டின் ஓரம் செங்குத்தாக வெட்டுப்பட்டிருக்கும் இடத்தைச் சுத்தம் செய்து பாருங்கள். தரைப் படலம் காற்றில் பாதியில் அறுந்து நின்றால் அதற்கு அப்பால் இருந்தது போய்விட்டது. சுற்று வயலிலும் 5 மீட்டர் கட்டத்தில் ஓடு பொறுக்குங்கள். எரு அடித்த வயலில் சிறு, தேய்ந்த துண்டுகள் சீராகப் பரவியிருக்கும். மேட்டிலிருந்து மழையில் சரிந்ததென்றால் விளிம்பில் குவிந்து தூரம் போகப் போகக் குறையும். பழைய புலப்படத்தில் நத்தத்தின் எல்லை இன்றைய மேட்டைவிடப் பெரிதாக இருந்தால், விளிம்புக் குழியை அந்தப் பழைய எல்லைக்குள் போடுங்கள்.

---

திண்ணை:

மூடும்போது ஒன்று. ஆறாவது வாரத்தின் கடைசி இரண்டு நாளை இதற்கென்று ஒதுக்குங்கள். தரையின் மேல் நேரடியாகக் கொட்டாமல், நீர் புகும் துணி விரித்து, 10 சென்டிமீட்டர் ஆற்றுமணல் போட்டு, அதன் மேல் சலித்த மண். பிளாஸ்டிக் தாள் வேண்டாம், அடியில் ஈரம் தங்கி வேர் பரவும். துணியின் நான்கு மூலையிலும் இந்த ஆண்டு அச்சடித்த நாணயம் ஒவ்வொன்று வையுங்கள், பின்னால் திறக்கிறவர்களுக்கு எது நீங்கள் வெட்டியது என்று தெரியும். சோதனைக் குழியின் அடியிலும் ஒன்று.